சேறு படாத வண்டி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு வெள்ளை வண்டி நிற்கிறது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மறுகரை ஏறும். பாறையில் ஏறும், மணலில் புதையாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். இதெல்லாம் அதனுடன் வந்த தடித்த புத்தகத்தில் இருக்கிறது. நான் அந்தப் புத்தகத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தவன். வண்டியைத்தான் நெடுநாள் அப்படி ஓட்டவில்லை.

இருக்கைகளுக்கு நடுவே ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகினால் மணல், சேறு, பாறை, பனி என்று வண்டி தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளும். சித்திரை மாதத்தில் தார் இளகிச் செருப்பில் ஒட்டும் ஸ்ரீரங்கத்தில், பனிக்கட்டியில் வழுக்காமல் போக ஏற்பாடு உள்ள வண்டியை நான் வாங்கினேன். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கீழே அழைத்துப்போய், உட்கார வைத்து, பனிக்குத் திருகிக் காட்டினேன். திரையில் நட்சத்திரம் போல ஒரு படம் வரும். வந்தவர்கள் தலையாட்டினார்கள். மேலே காப்பி ஆறிக்கொண்டிருக்கும்.

எழுபது வயதுக்கு மேல் இது எதற்கு என்று கேட்டவர்களிடம் 'பாதுகாப்பு' என்று சொல்லிவந்தேன். உண்மையான காரணம் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், தில்லைநகரில் இருக்கிறார். அவர் ஒரு நீளமான கார் வாங்கி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் பழைய ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினார். நகர்த்தியது நான்தான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வாங்கினால் அவர் காரைக் கீழே குனிந்து பார்க்கும் உயரத்தில் வாங்குவது என்று. தொட்டியத்தில் அப்பா விட்டுப்போன வாழைத்தோப்பில் என் பங்கை விற்றேன். முழங்கால் சேற்றில் நின்று அவர் வளர்த்த தோப்பு, சேற்றில் போகக்கூடிய ஒரு வண்டியாக மாறி, சேறு படாமல் நின்றது.

முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான். அதனால் அந்த வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குக் கூடுதல் தகுதி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கல்யாண வீடுகளில் இலை முன் உட்கார்ந்தபடி, வண்டி எத்தனை பாகைச் சரிவில் மூக்கு இடிக்காமல் ஏறும் என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டுவேன். காவிரிப் பாலத்தில் ஏறும்போது திரையில் சாய்வு மூன்று பாகை என்று வரும். அதை மனைவிக்கு அறிவிப்பேன். "சரிங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு பாராட்டை எதிர்பார்த்து நான் அடுத்த சிக்னல் வரை காத்திருந்ததுண்டு.

உத்திர வீதியில் அதைத் திருப்ப முடியாது. அம்மாமண்டபம் சாலையில் ஒரு பசு படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நிற்பேன், கொம்பு உரசிவிடும் என்ற பயம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை நான் கழற்றவிடவில்லை. மே மாதத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு பிய்த்தெடுக்கும் சத்தம் வரும். அந்த நாட்களில் வண்டி செய்த மிகக் கடினமான சாகசம், ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நடைபாதைமேல் இரண்டு சக்கரத்தை ஏற்றி நின்றது. அதற்கும் முன்பு இறங்கிப் பார்த்து, கல்லின் உயரத்தைக் கையால் அளந்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

இதுவரை எழுதியது சிரிப்பதற்கு. இனி எழுதப்போவதற்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

என் மனைவி கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பதினொரு வருடம் பச்சைமலையில். அந்தக் காலத்தில் மேலே பஸ் கிடையாது. அடிவாரம் வரை பஸ், பிறகு நடை. அவளுடன் தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவள் ஒரு மலைக்காரப் பெண். சாமையும் மரவள்ளியும் போடும் குடும்பம். அரசாங்கம் அவளுக்கு எந்தப் பதவியும் கொடுத்ததில்லை. ஆனால் அவள் முன்னால் போய் வாசலில் நின்றால்தான் குழந்தைகளை ஊசிக்குக் கொண்டுவந்தார்கள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாளாம். வழுக்கி விழுந்தாலும் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்து சிரிப்பாளாம். எங்கள் கல்யாணத்துக்கு அவள் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏன் என்று மனைவியிடம் கேட்டேன். "ஒண்ணுமில்ல, கோட்டு" என்றாள். வைகாசி வெயிலில் நான் கோட்டு போட்டிருந்தேன்.

வண்டி வந்த மறுமாதம் அந்த மலைக்காரப் பெண்ணின் மகள் போன் செய்தாள். அம்மா படுத்துவிட்டது, துறையூர் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றாள். மனைவி போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏங்க, நாளைக்குப் பச்சைமலை போயிட்டு வந்துடலாமா? இப்பதான் வண்டி இருக்கே."

"பூஜையே போடலையே இன்னும்."

"போற வழியில சமயபுரத்துல போட்டுட்டுப் போவோம்."

"புது வண்டி. முதல் முதல்ல நோயாளி வீட்டுக்கா?"

"நான் முப்பது வருஷமா காலையில முதல் வேலையா நோயாளி வீட்டுக்குத்தான் போனேன். அந்தச் சம்பளத்துலதான் உங்க ஸ்கூட்டரை வாங்கினோம். அது நல்லாத்தானே ஓடுச்சு?"

ஆனாலும் நான் சொன்ன காரணம் எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் செல்லும். புது வண்டி முதலில் கோயிலுக்கு, பிறகு ஒரு நல்ல காரியத்துக்கு. சகலைக்குப் போன் போட்டேன். அவரும் அதையே சொன்னார். அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். வகுப்பில் ராகுகாலத்தைக் கேலி செய்து பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவன். என் பயம் சகுனத்தைப் பற்றியது அல்ல. அந்த ஊருக்குக் கடைசி நான்கு கிலோமீட்டர் மண்சாலை என்பது எனக்குத் தெரியும். பயம் பெயின்டைப் பற்றியது. பெயின்ட் என்று வெளியில் சொல்ல வெட்கம், சகுனம் என்று சொன்னால் மரியாதை.

நல்ல நாள் பார்க்கப் பத்து நாள் ஆயிற்று. சமயபுரத்தில் பூஜை நடந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சந்தனத்தைக் கண்ணாடியில் மட்டும் வையுங்கள், பானெட்டில் வேண்டாம் என்று பூசாரியிடம் கேட்டுக்கொண்டேன். "அம்பாளுக்கு எடம் சொல்றீங்களா?" என்றார் அவர். பிறகு நல்ல காரியமாக ஒரு வளைகாப்புக்குப் போனோம், உறையூருக்கு, ஆறு கிலோமீட்டர். பிறகு ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புது வண்டியை மலையேற்றக் கூடாது என்று நானே ஒரு சாஸ்திரம் செய்தேன். மனைவி வாரத்துக்கு இரண்டு முறை போனில் அந்த மகளிடம் பேசினாள். "வரேன்னு சொல்லு. வந்துடறேன்னு சொல்லு." பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டாள். அடுக்களையில் ஏதாவது ஒரு டப்பாவின் மூடி மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விழும்.

"பஸ்ல போயிடறேன்" என்று ஒருநாள் சொன்னாள். முட்டி தாங்காது, வண்டி இருக்கும்போது எதற்குப் பஸ், நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்று நான்தான் தடுத்தேன். நானும் அழைத்துப்போகாமல், அவளையும் போகவிடாமல் ஏழு வாரம்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மண்ணச்சநல்லூர் தாண்டி, துறையூர் தாண்டி, சோபனபுரத்திலிருந்து மலைச்சாலை. தார்ச்சாலை நன்றாக இருந்தது. வளைவுகளில் திரை பாகைகளைக் காட்டியது, நான் அறிவித்தேன். அவள் மடியில் ஒரு பை வைத்திருந்தாள். உள்ளே நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு சுங்கடிச் சேலை, ரத்த அழுத்தம் பார்க்கும் தன் பழைய கருவி. அன்று காலையிலிருந்தே அவள் முகம் வேறாக இருந்தது. இந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம், இந்த ஓடையில்தான் அவள் விழுந்தாள் என்று ஜன்னல் வழியாகக் காட்டிக்கொண்டே வந்தாள்.

தார் முடிந்த இடத்தில் ஒரு வளைவு. அங்கிருந்து மண்சாலை பள்ளத்தில் இறங்கி எதிர்ச்சரிவில் ஏறியது. முதல்நாள் மழை பெய்திருந்தது. செம்மண் குழைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி வளர்ந்து பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது, நடுநடுவே முள். நான் நிறுத்தினேன்.

"இதுதாங்க வழி" என்றாள்.

"தெரியுது."

"இதுக்குன்னுதானே வாங்கினீங்க."

நான் அந்த முட்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கதவின்மேல் இழுக்கப்போகும் கோட்டை, அதன் நீளத்தோடு, ஆழத்தோடு பார்த்தேன். பிறகு திரையைக் குனிந்து பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"வார்னிங் லைட் எரியுது. கியர் பெட்டி சூடாயிடுச்சு. இதோட சேத்துல இறங்கினா நடுவுல நின்னுடும்."

எந்த விளக்கும் எரியவில்லை.

பின்னால் ஹாரன் கேட்டது. குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி. மரவள்ளிக் கிழங்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் நான்கைந்து பேரும் இரண்டு ஆடும் நின்றிருந்தார்கள். ஓட்டி வந்தவர் இறங்கிவந்து என் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் சார் நின்னுட்டீங்க? டிவியில இதெல்லாம் ஆத்துக்குள்ளயே போவுதே."

"வார்னிங் லைட் எரியுதுங்க."

"அப்படிங்களா. எங்க வண்டில லைட்டே எரியாது, அதனால தெரியறதில்ல." ஆடுகளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். "அம்மா, நீங்க பழைய நர்சம்மா இல்ல? எனக்கே ஊசி போட்டிருக்கீங்க. வாங்க, முன்னாடி உக்காருங்க, கொண்டுபோயி விட்டுடறேன்."

அவள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். நான் பேசினேன். முட்டியைச் சொன்னேன், மழை வரும் என்றேன், திரும்பி வர வண்டி கிடைக்குமா என்றேன். நான் இங்கே தனியாக எவ்வளவு நேரம் நிற்பது, நின்றுபோன வண்டியோடு மலையில் இருட்டிவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டேன். "அடுத்த வாரம் சர்வீஸ் பண்ணிட்டு நேரா வாசல்லயே கொண்டுபோய் இறக்கறேன்" என்றேன். வெளியே வைத்த கால் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு உள்ளே வந்தது. சரக்கு வண்டி எங்களைத் தாண்டிச் சேற்றில் இறங்கி, ஆட்டம் போட்டபடி, ஆடுகள் கத்த, மேலே ஏறிப் போயிற்று. எனக்கு அந்த வளைவில் வண்டியைத் திருப்ப நான்கு முறை முன்னும் பின்னும் போகவேண்டியிருந்தது.

துறையூர் வந்ததும் வாட்டர் வாஷ் கடை ஒன்றில் நிறுத்தினேன். தார்ச்சாலையிலேயே கொஞ்சம் செம்மண் தெறித்திருந்தது. மனைவி இறங்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். சூடாயிருந்த கியர் பெட்டியைப் பற்றி அந்தக் கடையில் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கும்.

எட்டாம் நாள் போன் வந்தது. அந்த மலைக்காரப் பெண் போய்விட்டாள்.

"கிளம்பு, வண்டிய எடுக்கறேன்" என்றேன்.

"வேணாங்க. புது வண்டி, சாவு வீட்டுக்குப் போகக்கூடாது" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. மளிகைச் சாமான் சொல்வதுபோலச் சொன்னாள். ஆட்டோ பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், துறையூர் பஸ் ஏறி, அடிவாரத்திலிருந்து அதே மாதிரி ஒரு சரக்கு வண்டியில் மேலே போயிருக்கிறாள். இரண்டு பெண்கள் தூக்கி ஏற்றினார்களாம். மறுநாள் திரும்பி வந்தபோது முட்டி பலாக்காய்போல வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்டதற்கு, "எல்லாம் நல்லபடியா ஆச்சு" என்றாள். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவளால் எழுந்து போக முடியவில்லை. இறந்தவளின் மகளுக்குக் கொடுக்க ஒரு சேலை எடுத்து வைத்திருந்தாள். நானே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். வண்டியிலா என்று கேட்டாள். வண்டியில்தான் என்றேன்.

அந்த வளைவில் குமிழை முதல்முறையாகச் சேற்றுக்குத் திருகினேன். இறங்கினேன். உண்ணிச்செடி இரண்டு பக்கமும் உரசியது, முள் இழுத்தது. கரும்பலகையில் நகம் பட்டதுபோல அந்தச் சத்தம் கதவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போயிற்று. பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரை வண்டி கவனிக்கவே இல்லை. புத்தகத்தில் இருந்ததெல்லாம் உண்மை. எதிர்ச்சரிவில் ஏறி அந்த வீட்டு வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு கிலோமீட்டருக்குப் பதினொரு நிமிடம்.

மகள் வந்து கும்பிட்டாள். "வாங்க சார். நர்சம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு? வண்டி சரியாயிடுச்சுங்களா?"

"என்னம்மா?"

"அன்னிக்கு ரிப்பேர்னு நர்சம்மா சொன்னாங்களே."

"ஆயிடுச்சும்மா."

வாசலில் ஒரு கயிற்றுக்கட்டில் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். எதிரே பள்ளம், அதற்கு அப்பால் தார் முடியும் வளைவு. சாலைதான் நான்கு கிலோமீட்டர் சுற்றுகிறது, குறுக்கே கூப்பிடு தூரம். இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒருவர் அங்கே நின்றால் வேட்டியா பேன்ட்டா என்று சொல்லலாம்.

"அன்னிக்கு இங்கேர்ந்துதான் பார்த்தோம்" என்றாள் மகள். "வெள்ளையா பெரிசா ஒண்ணு வந்து நின்னுச்சு. நர்சு வந்துடுச்சும்மான்னு சொன்னேன். கட்டிலோட தூக்கி வாசல்ல போடுன்னுச்சு. நாலு பேரு தூக்கினோம். தலை சீவி விடச் சொல்லுச்சு. அப்புறம் பார்த்தா வண்டி திரும்பிப் போவுது."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"வண்டி ரிப்பேரா இருக்கும், அத அனுப்பிட்டு நர்சு நடந்து வரும் பாரு, அது நடக்கிற பொம்பளன்னுச்சு. வெளக்கு வைக்கிற வரைக்கும் உள்ள வர மாட்டேன்னுடுச்சு."

சேலையைக் கொடுத்தேன். பாயசம் கொடுத்தார்கள், குடித்தேன். சின்னப் பிள்ளைகள் வண்டியின் சேற்றில் விரலால் பூப்போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ அவர்களை அதட்டினார்கள். விடுங்க என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அவங்க அங்கேர்ந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க."

"ம். சொன்னாங்க."

"நீ என்கிட்ட சொல்லலையே."

"சொல்லி?"

"அன்னிக்கு விளக்கு எதுவும் எரியல."

"தெரியுமே. நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

அப்படியானால் ஏன் திரும்பி வந்தாய், ஏன் அந்தச் சரக்கு வண்டியில் ஏறவில்லை என்று கேட்டேன். நானே தடுத்துவிட்டு நானே கேட்டேன். அவள் முட்டியில் தைலத்தைத் தேய்த்தபடி சொன்னாள்.

"உங்களுக்காக இல்ல. நான் அந்த வண்டில ஏறிப் போயிருந்தா, உங்க வீட்டுக்காரர் எங்கன்னு கேப்பா. பெயின்டு போயிடும்னு கீழ நிக்கிறார்னு சொல்லணும். அழுத்திச் சொல்லியிருந்தா நீங்களும் ஓட்டிக்கிட்டு வந்திருப்பீங்க, ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு பெருமூச்சு விட்டுக்கிட்டு. அவ வாசல்ல இறங்கினதும் அவளைப் பார்க்காம வண்டியச் சுத்திப் பார்ப்பீங்க. என் புருஷன் இப்படின்னு அவ கண்ணுல பட வேணாம்னு நெனச்சேன்."

தைலத்தை இன்னும் கொஞ்சம் கையில் ஊற்றிக்கொண்டாள்.

"அது என் தப்பு" என்றாள். "அவ பார்த்திருந்தா சிரிச்சிருப்பா. கட்டில்ல படுத்த மேனிக்கே சிரிச்சிருப்பா."

தைலப் புட்டியை மூடி என்னிடம் நீட்டினாள். அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.